பதினான்காம் பக்கத்து முத்திரை

தபாலின் பாஸ்போர்ட்டை அதிகாரி அரை நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. படத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், முத்திரை குத்தினார், போ என்று தலையை ஆட்டினார். அவள் மஞ்சள் கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய் அக்காவுக்காக நின்றாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவர்கள் வந்த பஸ் எஞ்சினை அணைக்காமல் உறுமிக்கொண்டிருந்தது. டிரைவர் படியில் உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தார். எல்லோரும் வந்து ஏறியதும் எடுத்துவிடுவார். முக்கால் மணி நேரத்துக்குமேல் ஒருவருக்காகவும் நிற்பதில்லை என்று ஏறும்போதே கறாராகச் சொல்லியிருந்தார்.

தபால் என்பது அவளுக்கு அக்கா வைத்த பெயர். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த முதல் வாரமே வைத்தது. தபால் ஆபீஸில் கவுண்டர் வேலை, இருபத்திரண்டு வருஷமாக முத்திரை குத்தும் கை, வேறு என்ன பெயர் வைப்பாள். அக்கா என்றால் கூடப்பிறந்தவள் இல்லை, ஓரகத்தி. தபாலின் வீட்டுக்காரருக்கு அண்ணன் மனைவி. பள்ளிக்கூட ஆய்வகத்தில் சோதனைக் குழாய்களைக் கழுவி அடுக்கும் வேலை பார்த்து, இந்த வருஷம்தான் ஓய்வுபெற்றவள். ஓரகத்திகள் இரண்டு பேர் ஒரு சமையலறையில் ஒழுங்காக நின்றுவிட்டாலே ஊர் அதிசயமாகப் பார்க்கும். இவர்கள் ஆளுக்கொரு மூட்டையை முதுகில் மாட்டிக்கொண்டு நாலு நாடு சுற்றக் கிளம்பினார்கள். வீட்டு ஆண்கள் இருவரும், இதுகள் முதல் பஸ் ஸ்டாண்டிலிருந்தே சண்டை போட்டுக்கொண்டு திரும்பிவிடும் என்று வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

திட்டம் போட்டுக் கொடுத்தவள் பாப்பா. அக்காவின் ஒரே மகள். இருபத்தேழு வயசாகி, வயிற்றில் ஏழு மாசப் பிள்ளையோடு இருந்தாலும் அந்த வீட்டில் அவள் பாப்பாதான். தபால் மருமகளாக வந்தபோது பாப்பாவுக்கு ஆறு வயசு. தபாலுக்குப் பிள்ளை இல்லாமலே போனதால், பாதிப் பாப்பா தபாலுடையவள் என்று யாரும் சொல்லாமலே எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். "புள்ள பொறந்துட்டா உங்க ரெண்டு பேரையும் வாசப்படி தாண்ட விடமாட்டேன். இப்பவே போய்ச் சுத்திட்டு வந்துருங்க" என்று அவள்தான் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பினாள். எந்த ஊரில் பொது அறையில் கட்டில் மலிவு, எந்த விடுதியில் நாமே சமைத்துக்கொள்ளலாம், எந்த பஸ் எந்த எல்லையைத் தாண்டும் என்று எல்லாவற்றையும் செல்போனில் ஏற்றிக் கொடுத்தாள்.

முதல் நாட்டில் எட்டுக் கட்டில் போட்ட அறை. ஏணி வைத்த மேல்கட்டிலில் ஜம்மென்று ஏறிப் படுத்த அக்காவுக்குக் காலையில் இறங்கத் தெரியவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த தாடிக்கார வாலிபன் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி இறக்கிவிட்டான். அன்றிலிருந்து அந்த விடுதியைவிட்டுக் கிளம்பும்வரை அவனுக்கு மாப்பிள்ளை என்று பெயர். இரண்டாவது நாட்டில் நாள் முழுக்க மழை. துவைத்த துணி காயவில்லை. ஈர உள்பாவாடையை மூட்டைமேல் விரித்துக் கட்டிக்கொண்டு ஒரு தலைநகரத்தின் நடுவீதியில் இருவரும் தலைநிமிர்ந்து நடந்தார்கள். இருபத்தொரு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் இந்தப் பதினைந்து நாளில் சிரித்த அளவுக்குச் சிரித்ததில்லை.

எல்லாம் இன்று காலை ஏழு மணியோடு முடிந்தது. மூன்றாவது நாட்டு விடுதியில், ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பாப்பாவுக்கு விடியலிலிருந்து ரத்தம் போகிறது, ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. நாளை சாயங்காலம்வரை பார்ப்போம், நிற்காவிட்டால் ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்துவிடுவோம், தாய்க்கும் ஆபத்து இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். பாப்பாவின் புருஷன் கப்பலில் வேலை, நடுக்கடலில் இருக்கிறான். அவள் அப்பாவும் சித்தப்பாவும் வராண்டாவில் நிற்கிறார்கள்; ஆண்களை அந்த வார்டுக்குள் விடமாட்டார்கள். அவள் தனியாகக் கிடக்கிறாள். போனில் அவள் அழவில்லை. "அம்மா வேணும்" என்று மட்டும் சொன்னாள். அக்கா பிய்த்த ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தவள்தான், அதற்கப்புறம் எதையும் வாயில் வைக்கவில்லை.

ஊருக்குப் போகும் விமானம் நாலாவது நாட்டிலிருந்துதான் கிடைத்தது, நாளை அதிகாலையில். அதைப் பிடித்தால் மத்தியானத்துக்குள் பாப்பாவின் பக்கத்தில் இருக்கலாம். அந்த விமான நிலையத்துக்குப் போவது இந்த பஸ்தான். இதை விட்டால் அடுத்தது நாளை மறுநாள்.

இப்போது அக்கா கவுண்டரின் முன்னால் நின்றாள். அதிகாரி அவளுடைய பாஸ்போர்ட்டைப் புரட்டினார். படம், விசா, இரண்டு பக்கம், மூன்று பக்கம். அப்புறம் அவருடைய கட்டைவிரல் நின்றது. நின்ற இடத்தைத் தபால் பார்த்தாள். புத்தகத்தின் சரிபாதி. பதினான்காம் பக்கம்.

அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அதை வைத்தவளே அவள்தான்.

மூன்றாவது நாட்டுக்குள் நுழைந்தபோது யாரும் முத்திரை குத்தவில்லை. ஒரு இயந்திரம் முகத்தைப் பார்த்துவிட்டுத் தேதி போட்ட துண்டுச் சீட்டு ஒன்றைத் துப்பியது, அவ்வளவுதான். அக்காவின் முகம் சுண்டிவிட்டது. ஒவ்வொரு எல்லையிலும் முத்திரை விழுந்ததும் மை காயும்வரை ஊதி, பக்கத்தைப் படம் எடுத்துப் பாப்பாவுக்கு அனுப்புகிறவள் அவள். "வந்ததுக்கு ஒரு அத்தாட்சி வேணாமா? இவனுங்க சீட்டக் குடுத்து, போகும்போது அதையும் புடுங்கிக்குவானுங்களாம்" என்று இரண்டு நாள் புலம்பினாள். மூன்றாம் நாள் பழைய கலங்கரை விளக்கம் ஒன்றைப் பார்க்கப் போனார்கள். அக்கா உச்சிவரை ஏறினாள். முழங்கால் வலிக்கிறது என்று தபால் கீழேயே நின்றுவிட்டாள். அங்கே ஒரு மேசை. மேசைமேல் மைப்பெட்டி, சங்கிலியில் கட்டிய மரக்கைப்பிடி முத்திரை. வருகிறவர்கள் தங்கள் நோட்டிலோ அஞ்சல் அட்டையிலோ ஞாபகத்துக்குக் குத்திக்கொள்ள வைத்தது. சுற்றிலும் அந்த நாட்டின் பெயர், நடுவில் கலங்கரை விளக்கம், அடியில் திருப்பிவைக்கும் தேதிச் சக்கரம்.

அக்காவின் பாஸ்போர்ட் தபாலின் கைப்பையில் இருந்தது. "நீதான் கவர்ன்மென்ட் ஆளு, நீயே வச்சுக்க" என்று அக்கா முதல் நாளே கொடுத்துவிட்டாள். தபாலுடையது விடுதியில் இருந்தது. அலமாரிச் சாவி கொடுப்பதற்கு ஈடாக இருவரில் ஒருவருடையதை வாங்கி வைத்துக்கொள்வது அங்கே வழக்கம். இல்லாவிட்டால் அவள் தன்னுடையதிலும் ஒன்று குத்தியிருப்பாள், சந்தேகமே வேண்டாம். பொதுஜனங்கள் அந்த முத்திரையைச் சப்புச் சப்பென்று பாதி விழுந்தும் பாதி விழாமலும் குத்திவிட்டுப் போவதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் கை அரித்தது. தேதி வேறு நேற்றையதாக இருந்தது. தபால்காரிக்கு அது பொறுக்குமா? சக்கரத்தைத் திருப்பி அன்றைய தேதியைச் சரியாக வைத்தாள். அக்காவின் பாஸ்போர்ட்டை விரித்து, அடியில் பார்வையாளர் பதிவேட்டை மெத்தையாகக் கொடுத்து, ஒரே அடி. ஊருக்குப் போய்ப் புரட்டும்போது அக்கா பார்க்கட்டும், பார்த்து வாயைப் பிளக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள். அது அரசாங்க ஆவணம் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். கவுண்டரில் ஒருவன் வந்து கேட்டால் ஒரு மணி நேரம் பாடம் நடத்துவாள். ஆனால் வெற்றுப் பக்கமும் நல்ல மையும் எதிரில் இருந்தபோது அந்தப் புத்தி எங்கே போனது என்று அவளுக்கே தெரியவில்லை.

அதிகாரி பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டாவது நாட்டைவிட்டு வெளியேறியபோது விழுந்த முத்திரையின் தேதி ஒன்று, இந்த முத்திரையின் தேதி இன்னொன்று. அந்த நாடு இப்போது முத்திரையே குத்துவதில்லை என்பதும் அவருக்குத் தெரியும். கவுண்டரை மூடினார். அக்காவைக் கூட்டிக்கொண்டு பக்கத்தில் இருந்த கண்ணாடி அறைக்குள் போனார்.

தபால் நகரவில்லை. இதை மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. பிறகு எத்தனையோ தடவை அவளே தன்னிடம் சொல்லிக்கொண்டதுதான். அவள் மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம், நுழைவு முத்திரை விழுந்த தன் பாஸ்போர்ட்டோடு, பத்திரமாக நின்றாள். அக்காவுக்கு ஒன்றும் தெரியாது, தெரியாது என்பாள், வயசானவள் என்று விட்டுவிடுவார்கள் என்று நினைத்தாள். நான் போய் வாயைத் திறந்தால் ரெண்டு பேருமே மாட்டிக்கொள்வோம், ஒருத்தியாவது பாப்பாவிடம் போகவேண்டாமா என்றும் நினைத்தாள். இந்தக் கடைசி நினைப்பு எவ்வளவு நியாயமாகத் தோன்றியது என்பதுதான் அசிங்கம். பத்து நிமிஷம் அந்த நியாயத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டிரைவர் கதவைத் தட்டி, மணிக்கட்டைக் காட்டி, இன்னும் இருபது நிமிஷம்தான் என்று விரல்களை விரித்தார்.

கண்ணாடி வழியாக அக்கா தெரிந்தாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள், பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் எதிரில் உட்காருகிற மாதிரி. கையில் செல்போனை இறுக்கிப் பிடித்திருந்தாள். அதிகாரி ஏதோ கேட்டார். அக்கா தன் மார்பைத் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார்.

தபால் மஞ்சள் கோட்டைத் திரும்பத் தாண்டினாள். ஒரு காவலாளி குறுக்கே கை நீட்டினான். அவள் அந்தக் கையை விலக்கிவிட்டுப் போய் அறைக் கதவைத் திறந்தாள்.

"ஐயா, அந்த முத்திரையைக் குத்தினது நான்" என்று கவுண்டர் ஆங்கிலத்தில் சொன்னாள்.

அதிகாரி நிமிர்ந்தார். நரைத்த மீசை, தூங்காத கண். அவருடைய ஆங்கிலமும் அவளுடையதைப் போலவே நாற்காலியில் உட்கார்ந்து கற்றுக்கொண்டது. "இந்த அம்மா, தான்தான் குத்தியதாகச் சொல்கிறார்" என்றார்.

தபால் அக்காவைப் பார்த்தாள். அக்கா பார்வையைத் திருப்பவில்லை.

"நீ எதுக்கு உள்ள வந்த? போய் பஸ்ஸ நிறுத்து."

"நீங்க ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க? அதுல என்ன இருக்குன்னே உங்களுக்குத் தெரியாதே."

"தெரியும். அன்னைக்கு சாயங்காலமே உன் பையத் துழாவும்போது பாத்துட்டேன். பாப்பாவுக்குக்கூடப் படம் எடுத்து அனுப்பிட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"சந்தோஷமா இருந்துச்சு. சொன்னா நீ பீத்திக்குவன்னு சொல்லல."

அதிகாரி பேனாவால் மேசையைத் தட்டினார்.

"என்ன பேசிக்கொள்கிறீர்கள்?"

"ஒரு நிமிஷம் ஐயா" என்று சொல்லிவிட்டு, தபால் அக்காவின் பக்கம் குனிந்தாள். "இவருகிட்ட உண்மையச் சொல்லுங்க. நீங்க பொய் சொல்லி என்ன ஆகப்போகுது?"

"உன் வேலை போகாம இருக்கும். நீ கவர்ன்மென்ட் ஆளு. முத்திரையில திருட்டுத்தனம் பண்ணினான்னு இங்கருந்து ஒரு தாள் போச்சுன்னா, அன்னைக்கே உன்ன வீட்டுக்கு அனுப்பிருவானுங்க. நான் ரிட்டயர் ஆனவ. என்ன பண்ணிருவான் என்னைய? திட்டுவான். திட்டிட்டுப் போகட்டும்."

தபால் அதிகாரியிடம் கேட்டாள், என்ன செய்வீர்கள் என்று. அவர் கோபப்படாமல், படிவத்தைப் படிக்கிற மாதிரி சொன்னார். பாஸ்போர்ட்டுக்கு உரியவரே அதில் பொய் முத்திரை குத்தியிருந்தால், அந்தப் பாஸ்போர்ட் செல்லாது. உள்ளே விடமுடியாது. விட்டு வந்த மூன்றாவது நாட்டின் விசா ஒரு முறை நுழைவதற்கு மட்டும்தான். அவர்களும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இந்தக் கட்டடத்திலேயே ஓர் அறை இருக்கிறது. உரியவருடைய நாட்டுத் தூதரகம் புதுத் தாள் அனுப்பும்வரை அங்கே இருக்கவேண்டும். போன தடவை ஒருவருக்கு ஐந்து வாரம் ஆனது. உரியவருக்குத் தெரியாமல் வேறொருவர் குத்தியிருந்தால், அந்தப் பக்கத்தை ரத்து செய்துவிட்டு உரியவரை விட்டுவிடலாம். குத்தியவரைப் பிடித்து வைத்து விசாரிக்கவேண்டும். ரெண்டு பேரும் நான்தான் என்று சொன்னால் ரெண்டு பேரையும் வைத்துக்கொள்வதைத் தவிர வழியில்லை.

தபால் ஒரு வார்த்தை விடாமல் தமிழில் சொன்னாள். ஐந்து வாரம் என்றபோது அக்காவின் முகம் செத்துப்போனது. கையில் இருந்த போனைப் பார்த்தாள்.

"திட்டிட்டு விட்டுருவான்னுல்ல நெனச்சேன்" என்றாள் மெதுவாக.

"இப்ப மாத்திச் சொல்லுங்க. சொல்லுங்கக்கா."

"மாத்திச் சொன்னா நம்புவானா? பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு உம்மேல தள்ளுறேன்னு நெனைப்பான். ரெண்டு பேரையும் பொய்க்காரின்னு உக்கார வச்சுருவான்." அவள் குரல் உடைந்தது. "பாப்பா தனியா கெடக்கா தபாலு."

வெளியே பஸ் ஒரு தடவை ஹாரன் அடித்தது.

தபால் அதிகாரியிடம் கெஞ்சினாள். மகள், ஆஸ்பத்திரி, ரத்தம், நாளைக் காலை விமானம் என்று அவளுக்குத் தெரிந்த ஆங்கிலம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் கேட்டுக்கொண்டார். இந்த மேசையின் எதிரில் தினம் யாராவது ஒருவர் இப்படி நின்றிருப்பார்கள். அவளுக்கே தெரியும், ஆபீஸில் கவுண்டருக்கு உள்ளே இருக்கும்போது அவளும் இப்படித்தான் கேட்டுக்கொண்டிருப்பாள், முகத்தை ஒன்றும் ஆகாததுபோல வைத்துக்கொண்டு. இவரை இளகவைக்க முடியாது. இவருக்கு வேண்டியது கண்ணீர் இல்லை, அத்தாட்சி.

"ஐயா, நான் தபால் ஆபீஸில் வேலை செய்கிறேன். முத்திரை குத்துவதுதான் என் வேலை. எங்கள் இருவரையும் குத்தச் சொல்லிப் பாருங்கள். எந்தக் கை என்று உங்களுக்கே தெரியும்."

அவர் இழுப்பறையைத் திறந்து, பயன்படுத்தாமல் போட்டு வைத்திருந்த வட்ட முத்திரை ஒன்றையும் மைப்பெட்டியையும் வெள்ளைத் தாள்கள் இரண்டையும் எடுத்து வைத்தார். முதலில் அக்காவிடம் நீட்டினார்.

அக்கா முத்திரையை வாங்கினாள். முப்பது வருஷம் கண்ணாடிக் குழாய்களை நடுங்காமல் பிடித்த கை அது. மையில் நச்சென்று அழுத்தி, தாளில் வைத்து, பலம்கொண்ட மட்டும் அமுக்கினாள். எடுத்தபோது பாதி வட்டம் கருப்புத் திட்டாகவும் மீதி ஒன்றுமில்லாமலும் இருந்தது. அதிகாரி முத்திரையைத் தபாலின் பக்கம் தள்ளினார்.

"கோணலா அடி" என்று அக்கா வாய்க்குள்ளேயே முணுமுணுத்தாள். "நீயும் என்ன மாதிரியே அடி. யார்னு தெரியலன்னா விட்டுட்டுப் போயிருவான். ரெண்டு பேரும் போயிரலாம்."

தபாலுக்கு அந்த ஆசை ஒரு நொடி உண்மையாகவே வந்தது. ரெண்டு பேரும் போயிரலாம். ஆனால் யார் என்று தெரியாத தாளை இருபத்திரண்டு வருஷத்தில் எந்த அதிகாரியும் விட்டதை அவள் பார்த்ததில்லை. தெரியாவிட்டால் பிடித்து வைப்பார்கள், அதுதான் ஆபீஸ்.

அவள் கையைச் சேலையில் துடைத்தாள். மைப்பெட்டியை விரலால் தொட்டுப் பார்த்தாள், ஓரம் காய்ந்து நடுவில் ஈரமாக இருந்தது. முத்திரையின் முகத்தைத் திருப்பிப் பார்த்து எது மேல் எது கீழ் என்று பிடித்துக்கொண்டாள். மேசையில் கிடந்த தடித்த பதிவேட்டை இழுத்துத் தாளுக்கு அடியில் கொடுத்தாள். அதிகாரி தடுக்கவில்லை, அவர் அவளுடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே மறுபடி ஹாரன். பாப்பா ஆறு வயசில் தபால் ஆபீஸுக்கு வந்து, கவுண்டருக்கு உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து, ஒவ்வொரு அடிக்கும் ஒண்ணு ரெண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தது ஏனோ இப்போது ஞாபகம் வந்தது. மையில் லேசாக இரண்டு தட்டு. தாளில் ஒன்று.

அவள் முத்திரையை எடுத்தாள். வட்டம் முழுசாக, எழுத்து எழுத்தாக இருந்தது. இடது அடி ஓரம் மட்டும் ஒரு நூல் கனமாக.

அதிகாரி பதினான்காம் பக்கத்தை அந்தத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். அங்கேயும் இடது அடி ஓரம் ஒரு நூல் கனம். அவர் அதை விரலால் தொட்டார்.

"எத்தனை வருஷம்?"

"இருபத்திரண்டு."

"எனக்கு இருபத்தாறு" என்றார் அவர். பிறகு அக்காவின் பாஸ்போர்ட்டை எடுத்து, அந்தப் பக்கத்தில் மூலைக்கு மூலை கோடு இழுத்து, ரத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த பக்கத்தில் நுழைவு முத்திரை குத்தி அக்காவிடம் நீட்டினார். தபாலிடம் கையை நீட்டி அவளுடைய பாஸ்போர்ட்டைக் கேட்டார். சற்றுமுன் அவரே அதில் குத்தியிருந்த நுழைவு முத்திரையின் மேலேயே ஒரு சிவப்பு முத்திரையைக் குத்தி, அதை இழுப்பறையில் போட்டு மூடினார். அவர் முகத்தில் வருத்தம் இருந்தது என்றுதான் தபாலுக்குத் தோன்றியது. ஆனால் வருத்தத்துக்கென்று படிவத்தில் இடம் இல்லை.

அக்கா எழுந்தாள், ஆனால் போகவில்லை. கையில் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு நின்றாள்.

"போங்கக்கா. பஸ் போயிரும்."

"உன்ன இங்க விட்டுட்டா?"

"எனக்கு ஒண்ணும் ஆகாது. போங்க."

"அஞ்சு வாரம்னு சொன்னானே. உனக்கு முழங்கால் வலிக்கு மாத்திரை... மூட்டை பஸ்ல இருக்கு. நான் போய் எடுத்துட்டு வந்து..."

"அக்கா, நேரம் இல்ல. போங்க."

"உன் வீட்டுக்காரர்கிட்ட நான் என்னன்னு சொல்றது? கூட்டிட்டுப் போனவ எங்கன்னு கேட்டா..."

டிரைவர் கடைசிப் பயணியை உள்ளே ஏற்றிவிட்டுக் கதவில் கை வைத்திருந்தார். அக்கா அப்படியே நின்றாள். அவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று தபால் பயந்தாள். இருபத்தொரு வருஷமாக அந்த வீட்டில் தபால் அக்காவை நீ என்று சொன்னதில்லை. சண்டையிலும் இல்லை, முன்பு ஒரு மனஸ்தாபத்தில் ஒருவருக்கொருவர் முகம் பார்க்காமல் இருந்த எட்டு மாசத்திலும் இல்லை.

"போடி" என்றாள் தபால். "உம் புள்ள அங்க சாகக் கெடக்கு, இங்க நின்னு மாத்திரை கணக்கு பாத்துக்கிட்டு இருக்கியா? போடி வெளிய."

அக்காவின் முகத்தில் யாரோ அறைந்ததுபோல இருந்தது. அவள் திரும்பினாள், நடந்தாள், மஞ்சள் கோட்டைத் தாண்டினாள், கண்ணாடிக் கதவைத் தள்ளினாள். அப்புறம் ஓடினாள். அறுபது வயசுப் பெண்பிள்ளை, புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு அப்படி ஓடி தபால் பார்த்ததில்லை. பஸ் படியில் ஏறும்போதும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கதவு மூடியது. பஸ் நகர்ந்து, வளைவில் திரும்பி, மறைந்தது.

திரும்பிப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தபால் நினைத்தாள். திரும்பிப் பார்க்காமல் போகத்தானே அப்படித் திட்டியது என்றும் நினைத்தாள். அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அக்காவின் சூடு இன்னும் அதில் இருந்தது.

அதிகாரி ஒரு புதுப் படிவத்தை எடுத்து வைத்தார். முழுப் பெயர், அப்பா பெயர், தொழில். அவள் தபால் துறை என்று சொன்னாள். அவர் எழுதாமல் நிமிர்ந்து, "இதை எழுதினால் உங்கள் நாட்டுக்குப் போகும்" என்றார்.

"தெரியும். எழுதுங்கள்."

அவர் எழுதினார். பிறகு செல்போனைக் கொடுக்கும்படி கையை நீட்டினார். விசாரணை முடியும்வரை அது இங்கேதான் இருக்கவேண்டுமாம். அவள் கைப்பையிலிருந்து எடுக்கும்போதே அது அடித்தது. திரையில் பாப்பா என்று இருந்தது. அவள் அவரைப் பார்த்தாள். அவர் ஒரு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சித்தி" என்றாள் பாப்பா. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. "அம்மா போன எடுக்க மாட்டேங்குறா. எங்க இருக்கீங்க?"

"அம்மா பஸ்ஸுல ஏறிட்டா கண்ணு. ஓடிப் போய் ஏறினாளா, மூச்சு வாங்கிட்டு இருப்பா, அதான். நாளைக்கு மத்தியானம் உம் பக்கத்துல இருப்பா."

"நீங்க?"

"எனக்கு இங்க ஒரு சின்ன வேலை. முடிச்சிட்டு வர்றேன்."

பாப்பாவின் பக்கத்தில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. சித்தி பொய் சொன்னால் அவள் சின்ன வயசிலிருந்தே கண்டுபிடித்துவிடுவாள்.

"சித்தி, எனக்குப் பயமா இருக்கு."

பயப்படாதே, ஒன்றும் ஆகாது, சாமி இருக்கிறது என்று சொல்லத்தான் தபால் வாயைத் திறந்தாள். அதிகாரி ஜன்னலிலிருந்து திரும்பி, மறுபடி கையை நீட்டினார்.

"எனக்கும்தான் பாப்பா" என்றாள் தபால். "எனக்கும் ரொம்பப் பயமா இருக்கு."

போனை அணைத்து அவருடைய கையில் கொடுத்தாள்.